தராசு அக்காவும் ஆறு தொட்டிகளும்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் காவலாளி வாசல் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினார். குப்பைத் தொட்டிகள் நிற்கும் கொட்டகையில் ஓர் அம்மாள் இடுப்பு வரை தொட்டிக்குள் குனிந்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்களும் ஒரு தோள்பையும் மட்டுமே.

“யாருங்க அது? குப்பைக்குள்ள என்ன தேடுறீங்க?”

தலை வெளியே வந்தது. ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கையில் ஓர் இரும்புக் கொக்கித் தராசு. கொக்கியில் ஒரு கறுப்புப் பை ஆடிக்கொண்டிருந்தது.

“தேடலை தம்பி, எடை போடுறேன். கொஞ்சம் பேசாம இருங்க, முள்ளு நிக்கட்டும். ஆங், நாலு கிலோ முந்நூறு.”

“பழைய பேப்பர் எடுக்கிறவங்களா? உள்ளே யாரு விட்டது?”

“நாலாவது மாடி, பதினாலாம் நம்பர். ஞாயித்துக்கிழமை குடிவந்தேன். நீங்கதான் அன்னிக்கு லீவாமே.”

குடிவந்தவர்கள் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்கள். சாவி தொலைந்தது என்று வந்திருக்கிறார்கள். ஊரார் குப்பையை நிறுத்துப் பார்க்க வந்தவர் இவர்தான் முதல்.

அந்த அம்மாள் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். வரும் பார்சல், போகும் பார்சல் எல்லாவற்றையும் மேடையில் ஏற்றி, முள் நிற்கும்வரை காத்திருந்து, எடையை நீலப் பென்சிலால் பெட்டியின் மூலையில் எழுதுவது அவருடைய உத்தியோகம். அலுவலகத்தில் எடுத்த பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. தோசைக்கல்லையோ தலையணையையோ தூக்கினால்கூட அவர் உதடு தானாக ஓர் எண்ணை முணுமுணுக்கும். கல்லூரியில் படிக்கும் மகள், “நான் பொறந்தப்போ ஆணா பொண்ணான்னு எங்கம்மா கேட்கலையாம், எத்தனை கிலோன்னுதான் கேட்டாங்களாம்” என்று படிக்கட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். ஒரே வாரத்தில் குடியிருப்பு அவருக்குத் ‘தராசு அக்கா’ என்று பெயர் சூட்டிவிட்டது. அவருக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

“இவ்வளவு குப்பைக்கு ஆறு தொட்டி பத்தாதே, என்ன செய்யறீங்க?” என்று அன்று காலை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். காவலாளியின் முகம் சுருங்கிப்போயிற்று.

“அதுக்குத்தான் அக்கா என் அறையை இடிக்கப் போறாங்க.”

காவலாளியின் அறை பத்தடிக்கு எட்டடி. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரோடு மடங்கும் ஒரு பலகை. அந்தப் பலகையில் பகலில் அவருடைய மனைவி குடியிருப்புத் துணிகளுக்கு இஸ்திரி போடுவாள். மாலையில் மகள் பாடம் எழுதுவாள். அறைக்கும் குப்பைக் கொட்டகைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். ஆறு தொட்டிகளும் நிரம்பி வழிவதால் அந்தச் சுவரை இடித்துக் கொட்டகையைப் பெரிதாக்கி எட்டுத் தொட்டிகள் வைப்பது என்று குடியிருப்போர் சங்கம் முந்தைய ஞாயிறன்று தீர்மானம் போட்டிருந்தது. காவலாளி வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் கட்டுப்படியாகும் இடமென்றால் லாரி நிறுத்தத்துக்கு அப்பால்தான். பேருந்தில் ஒரு மணி நேரம். மனைவியின் இஸ்திரி வேலை போய்விடும்; மகளின் பள்ளிக்கூடம் மாறிவிடும்.

தராசு அக்கா சுவரைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார்.

“இடத்தைப் பெருசாக்கினா குப்பையும் பெருசாகும் தம்பி. நான் மூணு தொட்டியை நிறுத்துப் பார்த்துட்டேன். உள்ளே இருக்கிறது பாதி தண்ணி, பாதி காத்து.”

அன்று மாலையே அவர் செயலாளரின் வீட்டுக் கதவைத் தட்டினார். செயலாளர் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் தீர்மானம் போடுவதில் அவருக்குத் தனி ருசி. தராசு அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆறே பத்தலைங்கிறோம், நீங்க குறைக்கலாம்ங்கிறீங்க! சரிம்மா, ஜூன் இருபத்தொன்பது ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அன்னிக்கு இந்தக் குடியிருப்புக் குப்பை மொத்தமும் நாலு தொட்டில அடங்கி, மூடியும் மூடுச்சுன்னா சுவத்துல கை வைக்க மாட்டேன். போதுமா?”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு போதாத இடத்தில் நாலா?

தராசு அக்கா ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் தண்ணீரைப் பிடித்தார். காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் சொட்டச் சொட்டப் பையில் போட்டுக் கட்டுவது எல்லா வீட்டிலும் இருந்த பழக்கம். ஓட்டைச் சல்லடையோ பழைய வடிதட்டோ எதையாவது கழுவுதொட்டியின் ஓரத்தில் வைத்து, தோலை ஓர் இரவு வடியவிட்டு, காலையில் முந்தைய நாள் செய்தித்தாளில் சுருட்டிப் போடச் சொன்னார். காசு செலவில்லாத காரியம் என்றாலும் கேட்க ஆளில்லை. காவலாளியின் மனைவிதான் முதலில் செய்து பார்த்தாள். நான்கு நாள் கழித்துத் தராசைக் கொண்டுவந்து நிறுத்துக் காட்டியபோது எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

“இத்தனை நாளா தண்ணியையா மூட்டை கட்டித் தூக்கினேன்?” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “இவருக்கு முதுகுவலின்னு தைலம் வேற தேச்சேனே!”

இஸ்திரித் துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் இதைச் சொன்னாள். தராசு அக்கா சொன்னபோது ஏறாதது இவள் சொன்னபோது ஏறியது. துணி அவள் கையில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது காற்று. பெட்டியையும் டப்பாவையும் மிதித்துத் தட்டையாக்காமல் போடக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. முதல் மாடியில் இரட்டைக் குழந்தைகள் இருந்த வீட்டில் அந்தப் பொறுப்பைக் குழந்தைகளே எடுத்துக்கொண்டார்கள். அட்டைப் பெட்டி வரும் நாள் அவர்களுக்குக் கொண்டாட்டம். படிக்கட்டின் அடியில் கால் உடைந்த ஒரு புத்தக அலமாரியைச் சாய்த்து நிறுத்தி, ‘வேண்டாததை வையுங்கள், வேண்டியதை எடுங்கள்’ என்று எழுதி ஒட்டினார்கள். கண்ணாடிப் புட்டிகள் வந்தன. இரண்டே நாளில் போயின. மளிகைக் கடைக்குப் பையும் புட்டியும் கொண்டுபோய்ப் பருப்பை நேராக அதில் நிறுத்து வாங்கும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. யாரோ ஒருவர் ஒற்றைச் செருப்பு வைத்தார். மறுநாள் யாரோ ஒருவர் அதை எடுத்தும் போய்விட்டார். அது யார், எந்தக் காலுக்கு என்பது இன்றுவரை துலங்கவில்லை.

மீந்த சாப்பாடு குளிர்பெட்டியின் பின்வரிசையில் மறைந்து, கெட்டபின் குப்பைக்கு வருவதைத் தடுக்கத் தராசு அக்கா ஒரு தட்டு போதும் என்றார். இன்றே தின்றாக வேண்டியதை அந்தத் தட்டில் வைத்து முன்வரிசையில் நிறுத்த வேண்டும். “எங்க வீட்டுல அந்தத் தட்டு எங்கப்பாவோடது” என்றாள் அவருடைய மகள். ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்க்கும் அவள் அப்பா வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவார். வந்தவுடன் அந்தத் தட்டைத் துடைத்து வைத்துவிடுவார்.

இவ்வளவுக்கும் பிறகு ஏப்ரல் கடைசியில் ஐந்தரைத் தொட்டி. காவலாளி விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கையைப் பிசைந்தார். மிச்சமிருந்தது பெரும்பாலும் தோலும் சக்கையும்தான். அவற்றை மொட்டைமாடியிலேயே உரமாக்கிவிடலாம் என்று தராசு அக்கா முடிவெடுத்தார். வண்ணம் பூசுகிறவரிடமிருந்து நான்கு காலி வாளிகள் இலவசமாகக் கிடைத்தன. அடியில் கம்பியைக் காய்ச்சித் துளையிட்டு, ஒரு கை தோலுக்கு இரண்டு கை சருகு என்று அடுக்கினார்கள். மாடிக்கு ஒரு வாளி. எந்த வாளி யாருடையது, அதில் எதைப் போட வேண்டும் என்று பெயர் எழுதும் பொறுப்பைக் காவலாளி ஆசையாக ஏற்றுக்கொண்டார். அங்கேதான் வினை வந்தது.

நான்கு வாளியிலும் மாடி எண்ணை எழுதி, அதன் கீழே ‘மக்கும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். மூன்று வாளிகள் பெரியவை. மூன்றாம் மாடிக்கு வாய்த்த வாளி சிறியது. ‘மக்கு’ என்று எழுதி முடித்தபோது கைப்பிடி குறுக்கே வந்துவிட்டது. காவலாளி கைப்பிடியைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு ‘ம்’ போட்டுவிட்டு, வேலை முடிந்த திருப்தியில் இறங்கிவிட்டார்.

மூன்றாம் மாடியில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பெடுத்தவர். விடை தெரியாத பிள்ளைக்கு அவர் வாயிலிருந்து வரும் பட்டம் ஒன்றே ஒன்றுதான். அது எந்தச் சொல் என்று சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் பதினாறாம் தேதி காலை அவர் மொட்டைமாடியில் நடக்கப் போனார். வரிசையாக நின்ற வாளிகளில் ஒன்று அவரைப் பார்த்து, ‘மூன்றாம் மாடி மக்கு’ என்றது.

“வாட்ச்மேன்! மேல வாய்யா!”

காவலாளி மூச்சிரைக்க ஏறினார்.

“யாரைப் பார்த்து எழுதினே இதை?”

“வாளியைப் பார்த்துதான் சார் எழுதினேன்.”

“மூணாம் மாடியில நாலு வீடு. ரெண்டு ஆளில்லாமப் பூட்டிக் கிடக்கு. ஒண்ணுல டாக்டர். மிச்சம் இருக்கிறது யாரு?”

காவலாளிக்கு அப்போதுதான் கண் திறந்தது. பாய்ந்துபோய் வாளியைத் திருப்பினார். “ஐயோ சார், ‘ம்’ இருக்கு சார்! இந்தப் பக்கம் இருக்கு பாருங்க!”

“மெய்யை முதுகுல ஒளிச்சு வச்சுட்டு, பொய்யை மூஞ்சியில எழுதி வச்சிருக்கியா?” என்று சீறிவிட்டு ஆசிரியர் நேரே செயலாளர் வீட்டுக்கு இறங்கினார்.

ஆசிரியரின் மனைவி கதவிடுக்கில் நின்று காவலாளியிடம் கிசுகிசுத்தார்: “முப்பத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் கொடுத்த பட்டம் இப்பத்தான் வீடு தேடி வந்திருக்கு. நீ பயப்படாதேப்பா.”

பயப்படாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம் என்று செயலாளர் அறிவித்துவிட்டார். வாளி, அலமாரி எல்லாவற்றையும் உடனே அகற்ற வேண்டும், சுவரை இந்த மாதமே இடிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் கோரிக்கை. அந்த இரண்டு நாளும் காவலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

“ஒரு எழுத்துக்காகவா நம்ம வீடு போகுது?” என்று மனைவி கேட்டாள். “நீங்க பள்ளிக்கூடத்துல ஒழுங்காப் படிச்சிருந்தா...”

“படிச்சதாலதாண்டி எழுதினேன்!”

கூட்டம் கீழ்த்தள நடைகூடத்தில் கூடியது. ஆசிரியர் பத்து நிமிடம் பொரிந்து தள்ளினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் தராசு அக்கா எழுந்தார்.

“சார், தப்பு எங்க மேலதான். எழுதத் தெரியாம எழுதிட்டோம். எப்படி எழுதியிருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

கேள்வி என்று வந்துவிட்டால் ஆசிரியரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

“முதல்ல ‘மக்கும்’ங்கிறதே பேச்சு வழக்கும்மா. எழுத்து வழக்குல ‘மட்கும்’. நடுவுல டகர மெய். மட்குதல்னா மண்ணோட மண்ணாப் போறது. ‘மட்கும்’னு எழுதியிருந்தா, கடைசி ‘ம்’ என்ன, பாதி வாளியே உடைஞ்சு விழுந்தாலும் எவனும் மக்கு ஆயிருக்க மாட்டான்!”

கூடம் குலுங்கிச் சிரித்தது. செயலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆசிரியர் முதலில் முறைத்தார்; பிறகு தாம் சொன்னதன் அழகு தமக்கே பிடித்துப்போய் மீசைக்குள் சிரித்தார்.

“அப்போ நீங்களே திருத்திக் கொடுத்துடுங்க சார்” என்று தராசு அக்கா தூரிகையை நீட்டினார். “வண்ணம் சிவப்புதான் இருக்கு. உங்களுக்குச் சிவப்பு பழக்கம்தானே.”

திருத்தப் போனவர் திரும்பி இறங்க ஒன்றரை மணி நேரமாயிற்று. நான்கு வாளியிலும் பிழை திருத்தினார். கையோடு மூடியைத் திறந்து பார்த்தவர், இரண்டாம் மாடி வாளிக்குள் ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கண்டுவிட்டார். “இது எந்த யுகத்துல மட்கும்?” என்று மேலிருந்து அவர் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. மறுநாள் முதல் காலை நடை முடிந்ததும் ஒவ்வொரு வாளி மூடியிலும் சுண்ணக்கட்டியால் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தார்.

மதிப்பெண் என்றதும் குடியிருப்பே மாறிவிட்டது. முதல் மாடிக்கு எட்டு வந்த நாளில் நான்காம் மாடிக்கு ஏழரை வந்தது. “அரை மார்க் எதுக்கு சார் கொறைச்சீங்க?” என்று தராசு அக்காவின் மகளே வாதாடப் போனாள். “வெங்காயத் தோல்ல ரப்பர் வளையம் இருந்துச்சு. ஒண்ணு கொறைச்சிருக்கணும், உங்கம்மா முகத்துக்காக அரையோட விட்டேன்” என்றார் ஆசிரியர். ஜூன் முதல் வாரத்தில் குப்பை நான்கு தொட்டியில் அடங்கியது. மூடியும் மூடியது. காவலாளி அன்று இரண்டு முறை சாப்பிட்டார்.

பத்தாம் தேதி காலை கொட்டகைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஐந்தாம் தொட்டியும் ஆறாம் தொட்டியும் நிரம்பி, மூடி அந்தரத்தில் நின்றது. மிதிக்காத அட்டைப் பெட்டிகள். முகவரிச் சீட்டுகள் எல்லாம் கிழிக்கப்பட்டிருந்தன.

தராசு அக்கா வந்தார். ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். மூலையில் நீலப் பென்சிலால் எழுதியிருந்தது: ஏழு கிலோ இருநூற்றைம்பது. ஏழின் இடுப்பில் ஒரு சிறு கோடு. அவர் அதைக் கட்டைவிரலால் தடவினார்.

“என் கையெழுத்து தம்பி. போன திங்கக்கிழமை நான் நிறுத்த பெட்டி. மூக்குக்கண்ணாடிச் சட்டம் வந்த பெட்டி.”

“செயலாளர் கடையா?” காவலாளியின் காது மடல் சிவந்தது. “என் சுவத்தை இடிக்க அவர் கடைக் குப்பையையே கொண்டாந்து கொட்டுறாரா? இப்பவே நாலு பேர் முன்னால நிக்க வச்சுக் கேட்கிறேன்!”

“கேட்டா அவரு தலை குனிவாரு. குனிஞ்ச மனுஷன் உங்களைத் தெனமும் பார்க்கணுமே, எப்படிப் பார்ப்பாரு? பெட்டியை மிதிச்சுக் கட்டுங்க. மத்தியானம் என்கூட வாங்க.”

மதியம், தட்டையாக்கிய அட்டைக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு காவலாளி அவருக்குப் பின்னால் கடைக்குள் நுழைந்தார். முதல் மாடிக்காரர் ஒருவர் சோதனைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். செயலாளர் கட்டைப் பார்த்தார். மூலையில் இருந்த நீலப் பென்சில் எழுத்தைப் பார்த்தார்.

“சார், கண்ணாடி ஸ்க்ரூ லூசா இருக்கு, கொஞ்சம் முறுக்கிக் கொடுங்க” என்றார் தராசு அக்கா. “அப்புறம் ஒரு உதவி. எங்க ஆபீஸுக்குப் பார்சல் அனுப்ப வர்றவங்க பாதிப் பேர் பெட்டி இல்லாம வந்து நிக்கிறாங்க. உங்க கடைக்கு வர்ற பெட்டி நல்ல கெட்டி. தட்டையாக்கிக் கட்டி வச்சீங்கன்னா வாராவாரம் ஆள் அனுப்பி எடுத்துக்கிறோம். எங்களுக்குப் பெரிய உபகாரமா இருக்கும்.”

“என்ன பெட்டி?” என்று முதல் மாடிக்காரர் திரும்பினார்.

“நீங்க அஞ்சாவது வரியைப் படிங்க” என்றார் தராசு அக்கா.

செயலாளர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். குரல் இறங்கியிருந்தது. “கடைத்தெருவுல அட்டை எடுக்க வர்றவன் ஒரு மாசமா வரலைம்மா. எங்கே கொண்டுபோறதுன்னு தெரியாம, விடியக்காலையில... அந்த ஆள் முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மானமே போயிருக்கும். உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். என்ன வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் கேளுங்க.”

“சரிங்க சார்” என்றார் தராசு அக்கா. காவலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி கொட்டகை முன்னால் எல்லாரும் கூடினார்கள். மூன்று தொட்டிகள் ஒழுங்காக மூடின. நான்காவதன் மூடி ஒரு விரற்கடை தூக்கி நின்றது. காவலாளியின் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். செயலாளர் முன்னால் வந்தார்; இரண்டு உள்ளங்கைகளையும் மூடிமேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். ‘டப்’ என்று மூடியது.

“அடங்கிடுச்சு” என்றார் செயலாளர். தீர்மானத்தை அவரே முன்வந்து ரத்து செய்தார்.

அரை மணி நேரத்தில் காவலாளியின் அறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. காவலாளி பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், மனைவி கட்டில்மேல் ஏறி நின்று அந்தச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். “மூணு மாசமா ஒரு ஆணி அடிக்கக் கை வரலை. இடிக்கப் போற சுவத்துக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அந்தக் காலண்டரை எடுங்க, மாட்டணும்.”

இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் மழைக்காலத்தில் தராசு அக்காவின் சமையலறைக் கூரை ஒழுகியது. மேல்தளம் அல்லவா? குடியிருப்பின் புகார்ப் புத்தகத்தைச் சுமந்துபோய்க் கையெழுத்து வாங்குவது காவலாளியின் வேலை. அந்த மழைக்குத் தராசு அக்காவின் பெயர் பதினொன்றாவதாக விழுந்தது.

“அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. செயலாளர் நாளைக்கே ஆள் அனுப்புவாரு. அவரே கேட்கச் சொன்னாரே.”

தராசு அக்கா ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிமிஷத்துக்குப் பதினோரு கிராம்தான் தம்பி. ஏழாவதா எழுதியிருக்கிறவங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு. வரிசைப்படி வரட்டும்.”

செயலாளரும் சும்மா இருக்கவில்லை. படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம், “ஏதாவது வேணுமாம்மா?” என்று கேட்டார், இன்றும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் தராசு அக்கா சற்று யோசிப்பதுபோல நின்று, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுகிறார். அந்த மழைக்காலத்தில் கூரை பூசுகிறவர் பதினொன்றாவதாக எழுதிய அவர் வீட்டுக்குப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் வந்தார்.